தலைக்குக் கரண்ட் வைத்த பிள்ளைகள்: வருடங்கள் கழித்து வரும் பின்விளைவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு பிள்ளைக்குப் புற்றுநோய் என்றால் வைத்தியத்துக்கு பெங்களூரு கித்வாய், வேலூர் சிஎம்சி, சென்னை அடையாறு என்று ஓட வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் அலைந்து, வைத்தியம் முடிந்து, முடி முளைத்து, பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் போனதும் 'அப்பாடா, முடிந்தது' என்று இருந்துவிடுகிறோம். தலைக்குக் கதிர்வீச்சு (நாம் 'கரண்ட்' என்று சொல்வது) கொடுத்த பிள்ளைகள் விஷயத்தில் அப்படி இருந்துவிடக் கூடாது. சில பின்விளைவுகள் மூன்று வருடம், பத்து வருடம், இருபது வருடம் கழித்து வருகின்றன. அப்போது அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாரும் இருப்பதில்லை. பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மருந்தையும் அளவையும் உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தலைக்கு எதற்காகக் கரண்ட் வைக்கிறார்கள்?

மூளையிலேயே கட்டி இருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சம் இருக்கும் செல்களை அழிக்க. ரத்தப் புற்றுநோயாக இருந்தால், மூளையில் போய் ஒளிந்துகொண்ட செல்களை அழிக்க. கீமோ மருந்துகளில் பல, ரத்தத்திலிருந்து மூளைக்குள் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை.

கதிர்வீச்சின் அளவை 'கிரே' என்று சொல்வார்கள். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைக் கட்டிக்கு, தலையும் தண்டுவடமும் முழுவதுமாக 23.4 அல்லது 36 கிரே கொடுத்து, கட்டி இருந்த பகுதிக்கு மட்டும் கூட்டி மொத்தம் 54 கிரே அளவுக்குக் கொண்டுபோவது வழக்கம். ரத்தப் புற்றுநோய்க்கு முன்பு 24 கிரே கொடுத்தார்கள், இப்போது தேவைப்பட்டால் 12 முதல் 18. உங்கள் பிள்ளைக்கு எத்தனை கிரே, எந்த வயதில், தலையில் எந்தப் பகுதியில் என்பது தெரியாமல் எந்தப் பின்விளைவு வரும், எது வராது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே ரத்தப் புற்றுநோய்தான். சொந்தக்காரப் பையனுக்கு அப்போது கரண்ட் வைத்தார்கள், எங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்கிறார்கள். ஏதாவது குறைத்துச் செய்கிறார்களா?

இல்லை. இது நல்ல சேதி. 1960களின் தொடக்கம் வரை மருந்தில் அடங்கிய ரத்தப் புற்றுநோய், மூளை வழியாகத் திரும்பி வந்து பிள்ளைகளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியில் டொனால்ட் பிங்கல் குழுவினர் அந்தப் பத்தாண்டின் கடைசியில் தலைக்குக் கதிர்வீச்சையும் முதுகில் போடும் ஊசியையும் கீமோவோடு சேர்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்கள் ஆன பிறகுதான் படிப்பிலும் வளர்த்தியிலும் குறைகள் தெரிந்தன. கீமோவையும் முதுகு ஊசியையும் சரியாகக் கொடுத்தால் முன்னெச்சரிக்கைக்கான கதிர்வீச்சு இல்லாமலே சமாளிக்கலாம் என்று 2009இல் அதே ஆஸ்பத்திரி ஆய்வாக வெளியிட்டது. இன்று பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தலைக் கதிர்வீச்சு தேவைப்படுவதில்லை. நோய் மூளைக்குள் போனவர்களுக்கும், வேறு சில கடினமான வகைகளுக்கும் மட்டும் பல இடங்களில் இன்னும் கொடுக்கிறார்கள்.

ஆனால் இந்தியாவில் 1980களில் தொடங்கிப் பல ஆண்டுகள் பின்பற்றப்பட்ட எம்சிபி 841 என்ற முறையில் தலைக் கதிர்வீச்சு இருந்தது. அப்போது பிழைத்த பிள்ளைகளுக்கு இன்று முப்பது, நாற்பது வயது. கீழே உள்ளது அவர்களுக்கும் பொருந்தும்.

கரண்ட் உடம்பிலேயே தங்கிவிடுமா? தம்பி தங்கையோடு ஒன்றாகப் படுக்க வைக்கலாமா?

வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது. மெஷினை நிறுத்தியதும் அது முடிந்துவிட்டது. தாராளமாக ஒரே பாயில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம்.

கரண்ட் முடிந்து ஒன்றரை மாதம் ஆகிறது. எந்நேரமும் தூங்கிக்கொண்டே இருக்கிறான். நோய் திரும்பி வந்துவிட்டதா?

முடிந்த நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் இப்படி ஒரு தூக்கக் கிறக்கம் வருவது உண்டு. சில பிள்ளைகளுக்கு லேசான காய்ச்சலும் எரிச்சலும் சேர்ந்து வரும். சில வாரங்களில் தானாகச் சரியாகும். ஆனால் காலையில் தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், வலிப்பு, எழுப்பினாலும் எழாத நிலை இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள், உடனே கூட்டிப் போங்கள்.

அப்புறம் வரும் பின்விளைவுகள் ஏன் இவ்வளவு தாமதமாக வருகின்றன?

மூளை நரம்புகளைச் சுற்றி மயலின் என்ற வெள்ளை உறை இருக்கிறது. செய்தி வேகமாக ஓடுவது அதனால்தான். அந்த உறை பிறந்ததிலிருந்து இருபது வயதைத் தாண்டியும் உருவாகிக்கொண்டே இருக்கும். கதிர்வீச்சு அதை உருவாக்கும் இளம் செல்களைக் குறைத்துவிடுகிறது, நுண்ணிய ரத்தக் குழாய்களையும் மெல்ல மெல்லக் கெடுக்கிறது. நட்ட வருடம் வேரில் அடிபட்ட மாங்கன்று இலை விடும், பச்சையாகத்தான் நிற்கும். காய்க்க வேண்டிய வருடத்தில்தான் குறை தெரியும். பிள்ளையின் மூளையும் அப்படித்தான். அதனால்தான் வயது குறையக் குறைய பாதிப்பு கூடுகிறது. மூன்று வயதுக்குக் கீழே முடிந்தவரை கதிர்வீச்சைத் தள்ளிப்போடுவதும் இதற்காகத்தான்.

ஒன்றாம் வகுப்பில் நன்றாகப் படித்தாள். இப்போது நான்காம் வகுப்பு, எல்லாவற்றிலும் பின்தங்குகிறாள். சோம்பேறி ஆகிவிட்டாளா?

சோம்பேறித்தனம் இல்லை. இந்த ஒரு பதிலை மட்டுமாவது வீட்டில் எல்லாரும் படித்துவிடுங்கள், தாத்தா பாட்டிக்கும் படித்துக் காட்டுங்கள்.

பெரும்பாலும் பிள்ளை ஏற்கெனவே கற்றதை மறந்துபோவதில்லை. புதிதாகக் கற்கும் வேகம்தான் குறைகிறது. மூன்று இடங்களில் அடி விழுகிறது: யோசிக்கும் வேகம், கவனம், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விஷயங்களை மனதில் நிறுத்தி வைப்பது. சின்ன வகுப்புகளில் பாடம் குறைவு, அதனால் வெளியே தெரியாது. மூன்றாம், நான்காம் வகுப்பில் பாடம் வேகம் எடுக்கும்போது இடைவெளி தெரிய வருகிறது. வருடா வருடம் அது அகலும்.

வகுப்பில் பாருங்கள். கரும்பலகையில் ஆறு வரி எழுதியிருக்கிறது. மற்றவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள், இவள் மூன்றாவது வரியில் இருக்கிறாள். டீச்சர் அழித்துவிடுகிறார். வீட்டில் நோட்டைத் திறந்தால் எல்லாப் பக்கமும் பாதி பாதி வாக்கியம். கடைக்கு அனுப்பி, 'அரைக் கிலோ சர்க்கரை, ஒரு தீப்பெட்டி, மிச்சத்துக்குப் பொட்டுக்கடலை' என்று சொன்னால் சர்க்கரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். கேட்டால் முழிக்கிறாள். அவளுக்கு மூன்றும் காதில் விழுந்தது. கடைக்குப் போவதற்குள் இரண்டு நழுவிவிட்டது. இதற்கு அடி வாங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். உயிரைக் காப்பாற்றக் கொடுத்த வைத்தியத்தின் வடுவுக்கு அந்தப் பிள்ளை தண்டனை வாங்குகிறது.

கொடுத்த அளவு கூடினால் பாதிப்பும் கூடும். பெண் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எந்த இடத்தில் குறை என்று கண்டுபிடிக்க நரம்பு உளவியல் பரிசோதனை செய்ய வேண்டும். வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி) கிட்டத்தில்தான். ஒரு தடவை செய்தால் போதாது, சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்தால்தான் போக்கு தெரியும். கவனக் குறைவுக்குச் சில பிள்ளைகளுக்கு மாத்திரை உதவுகிறது, அதை டாக்டரிடம் பேசலாம். ஞாபக சக்திக்கு என்று விற்கும் லேகியமும் டானிக்கும் இந்த மந்தத்தை மாற்றியதாக எந்த நிரூபணமும் இல்லை. அந்தக் காசைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பொறுமையான ஆளுக்குக் கொடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் என்ன கேட்க வேண்டும்?

முதல் பெஞ்சில் இடம். எழுதி முடிக்காத பாடத்துக்கு வேறு பிள்ளையின் நோட்டை ஜெராக்ஸ் எடுக்க அனுமதி. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது. பரீட்சையில் கூடுதல் நேரம்.

கடைசியாகச் சொன்னதற்குத் தாள் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, செவித்திறன் குறைபாடு எல்லாம் வருகின்றன. பரிசோதனையில் அப்படி வந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் அடையாள அட்டை எடுங்கள். அரசுப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் அதை வைத்துத்தான். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், தலைமை ஆசிரியரிடம் சொன்னால் தொடர்பு கிடைக்கும்.

ஒரு விஷயம் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் மார்க்குக்காக விடுதியில் சேர்த்து, விடியற்காலை முதல் இரவு வரை உட்கார வைத்துப் படிக்க வைக்கும் பள்ளிகள் உண்டு. தலைக் கதிர்வீச்சு வாங்கிய பிள்ளையை அங்கே சேர்க்காதீர்கள். மணிக்கணக்கில் உட்கார வைப்பதால் அந்த வேகம் வராது, மனம்தான் உடையும்.

வயதுக்கேற்ற உயரம் இல்லை. எங்கள் வீட்டிலேயே எல்லாரும் குள்ளம்தான். பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். தலையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. கதிர்வீச்சில் முதலில் குறைவது அதிலிருந்து வரும் வளர்ச்சி ஹார்மோன்தான். 18 கிரேயிலேயே இது தொடங்கலாம். சுரப்பிப் பகுதிக்கு 30 கிரேக்கு மேல் பட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வருடங்களில் குறைந்துவிடுகிறது. தண்டுவடத்துக்கும் கொடுத்திருந்தால் முதுகெலும்பு வளர்வதும் குறையும், கால் நீளமாகவும் உடம்பு குட்டையாகவும் தெரியும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டு அளந்து தேதியோடு எழுதுங்கள். நான்கு வயதுக்கு மேல், வயதுக்கு வருவதற்கு முன், வருடத்துக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்தால் ஹார்மோன் டாக்டரிடம் போக வேண்டும். தினமும் போடும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி இருக்கிறது. நோய் அடங்கிக் குறைந்தது ஒரு வருடமாவது ஆன பிறகே பொதுவாகத் தொடங்குவார்கள். எலும்பின் முனை மூடிக்கொண்ட பிறகு ஊசியால் உயரம் கூடாது. அதனால் பதினைந்து வயதில் போய் நின்றால் பலருக்குக் காலம் கடந்திருக்கும்.

பொண்ணுக்கு ஏழு வயசுதான். மார்பு வளர ஆரம்பித்திருக்கிறது. சீக்கிரம் பெரிய மனுஷி ஆகிவிடுவாள் போல, சீருக்குத் தயாராகலாம் என்கிறார் பாட்டி.

பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், இது டாக்டரிடம் போக வேண்டிய அவசரம். பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்பும், ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்பும் பருவ மாற்றம் தொடங்கினால் அது சீக்கிரம். தலைக் கதிர்வீச்சுக்குப் பிறகு, பெண் பிள்ளைகளுக்கு முக்கியமாக, இது வரலாம்.

இதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. பருவ ஹார்மோன் வந்ததும் பிள்ளை மளமளவென்று வளர்வதுபோலத் தெரியும். வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருப்பதை அது மறைத்துவிடும். உயரம் நன்றாக இருக்கிறது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உள்ளே எலும்பு முனை சீக்கிரம் மூடிக்கொண்டிருக்கும். இரண்டு வருடத்தில் வளர்த்தி நின்றுபோகும். பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசி இருக்கிறது, மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று போடுவார்கள். நேரத்தில் போனால்தான் அதில் முழுப் பலன்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் இரண்டு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியவில்லை. சீக்கிரம் வயதுக்கு வந்த பிள்ளை என்றால் பேச்சு உடனே மாமன் வீட்டுப் பக்கம் திரும்புகிறது. புற்றுநோய் வந்த பிள்ளை, யாராவது கட்டிக்கொள்ள முன்வந்தால் விட்டுவிடக் கூடாது என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அவள் மனதளவில் சின்னப் பிள்ளை. 18 வயதுக்கு முன் கல்யாணம் என்று யாராவது நெருக்கினால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யலாம்.

நேர்மாறாகவும் நடக்கும். கூடுதல் அளவு வாங்கிய பிள்ளைகளில் சிலர் 14 வயதாகியும் வயதுக்கு வராமல் இருப்பார்கள். அதற்கும் ஹார்மோன் வைத்தியம் உண்டு.

எந்நேரமும் சோர்வு, உடம்பு கனத்துவிட்டது. தைராய்டு டெஸ்ட் எடுத்தோம், நார்மல் என்று வந்தது.

எந்த டெஸ்ட் என்று பாருங்கள். லேப்களில் பெரும்பாலும் டிஎஸ்ஹெச் (தைராய்டை வேலை செய்யச் சொல்லிப் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்) மட்டும் எடுப்பார்கள். கழுத்தில் இருக்கும் தைராய்டு கெட்டால் அது காட்டிக்கொடுக்கும். பிட்யூட்டரி கெட்டதால் வரும் குறையில் டிஎஸ்ஹெச் நார்மலாகவே இருக்கலாம். தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 சேர்த்து எடுத்தால்தான் தெரியும். இதைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். தண்டுவடத்துக்கும் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் கழுத்தில் உள்ள தைராய்டிலும் பட்டிருக்கும், அதனால் வருடம் ஒருமுறை கழுத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூடுதல் அளவு வாங்கிய பிள்ளைக்கு, நோய் வரும்போது உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறையவும் வாய்ப்பு உண்டு. இது உயிர் விஷயம். சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தாலே பிள்ளை துவண்டு விழுந்துவிடும். கார்டிசாலைப் பார்க்காமல் தைராய்டு மாத்திரையை மட்டும் தொடங்குவதும் ஆபத்து. அதை ஈடுகட்ட ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை சாப்பிடும் பிள்ளை என்றால், காய்ச்சல் வரும் நாளில் எவ்வளவு கூட்டிக் கொடுப்பது, வாந்தி எடுத்தால் எந்த ஊசி என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, ஒரு பிரதியைப் பள்ளிப் பையிலேயே வையுங்கள்.

பல் சரியாக முளைக்கவில்லை. எங்கள் ஊர் தண்ணீரால்தானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே அதற்காகத்தான். அதனால் பல்லில் எந்தக் குறை வந்தாலும் போர் தண்ணீர்மேல் பழி போட்டுப் பழகிவிட்டோம். ஃபுளோரைடு பல்லின் மேற்பரப்பில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் போடும். கதிர்வீச்சு தாடைப் பக்கம் பட்டிருந்தால் பல்லே முளைக்காமல் போவது, பல் சிறுத்துப்போவது, வேர் குட்டையாக இருப்பது, வாய் உலர்ந்து சீக்கிரம் சொத்தை விழுவது என்று வரும். வேர் வெளியே தெரியாது, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கம்பி கட்டும் முன் இதைப் பார்ப்பது ரொம்ப முக்கியம். சொத்தையைத் தடுக்கப் பல் டாக்டர்கள் ஃபுளோரைடு பூசுவது உண்டு. அது குடிக்கும் தண்ணீரில் வருவதைப் போன்றதல்ல, ஆனாலும் வீட்டில் போர் தண்ணீரா, ஒகேனக்கல் தண்ணீரா என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

காதும் கண்ணும்?

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் கதிர்வீச்சும் சேர்ந்தால் காது கேட்பது குறையலாம், முதலில் கீச்சென்ற ஒலிகள் போகும். கூப்பிட்டால் திரும்புவான், ஆனால் வகுப்பில் வார்த்தை பிடிபடாது. கண்ணில் புரை வரலாம். இரண்டையும் வருடம் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

மறுபடி தலையில் கட்டி வருமா?

பழைய நோய் திரும்புவது ஒன்று. கதிர்வீச்சால் புதிதாக ஒரு கட்டி வருவது வேறு. இது மிகச் சிலருக்குத்தான், ஆனால் வருவது உண்மை. 1950களில் இஸ்ரேலில் தலையில் வந்த படர்தாமரைக்காக பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே கதிர் கொடுத்தார்கள். மூளைக்குப் போனது சராசரியாக 1.5 கிரேதான். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா கட்டி அவர்களுக்குப் பல மடங்கு கூடுதலாக வந்திருந்தது. இந்தக் கட்டி பெரும்பாலும் புற்றல்ல, இருபது வருடம் கழித்தும் வரும், ஆபரேஷனில் எடுக்க முடிகிறது. புற்றாக மாறும் வகைகள் அதைவிட முன்னதாக வரலாம். புதிதாகத் தொடங்கி நாளுக்கு நாள் கூடும் தலைவலி, முதல்முறை வலிப்பு என்றால் ஸ்கேன் எடுக்கத் தயங்க வேண்டாம்.

மூளை ரத்தக் குழாய்கள் சுருங்கி இளம் வயதிலேயே பக்கவாதம் வருவதும் உண்டு. வாய் கோணல், கை பலமின்மை, பேச்சுக் குழறல் வந்தால், வந்து சரியாகிவிட்டாலும், 108ஐக் கூப்பிடுங்கள். வளர்ந்த பிறகு பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பார்த்துக்கொள்ள வேண்டும். பீடி சிகரெட் கூடவே கூடாது.

கல்யாணம் ஆகுமா? குழந்தை பிறக்குமா?

தலைக்கு மட்டும் கொடுத்த கதிர்வீச்சு கர்ப்பப்பையையோ சினைப்பையையோ நேரடியாகத் தொடுவதில்லை. மூளையிலிருந்து வரும் ஹார்மோன் குறைந்திருந்தால் அதற்கு வைத்தியம் இருக்கிறது. தண்டுவடக் கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் பாதித்திருக்கலாம், அதைச் சோதித்துச் சொல்ல முடியும். மரபு வழியாக வரும் சில வகைகளைத் தவிர, பிறக்கும் குழந்தைக்கு இந்த வைத்தியத்தால் ஊனமோ புற்றுநோயோ கூடுதலாக வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பெண் பார்க்க வருபவர்களிடம் மறைத்துக் கல்யாணம் செய்து, பிறகு மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடும் நிலைக்குப் பிள்ளையைத் தள்ளாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

புரோட்டான் வைத்தால் இதெல்லாம் வராது என்கிறார்களே?

குறையும், முழுவதும் போகாது. புரோட்டான் கதிர் கட்டியைத் தாண்டிப் போகாமல் நின்றுவிடும், அதனால் சுற்றியுள்ள நல்ல பகுதிக்கு அளவு குறைகிறது. சென்னையில் 2019 முதல் ஒரு தனியார் மையத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் கட்டிக்கு இது நன்றாக உதவும். தலை முழுவதும் கொடுத்தே ஆக வேண்டிய நோயில், மூளைக்குப் போகும் அளவு அந்தப் பகுதியில் அவ்வளவாகக் குறையாது. நிலத்தை விற்றுக் காசு புரட்டும்வரை வைத்தியத்தைத் தள்ளிப்போடுவது சரியல்ல. உங்கள் பிள்ளையின் கட்டிக்கு எவ்வளவு வித்தியாசம் வரும் என்று டாக்டரிடம் நேராகக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி தூரம். வருடா வருடம் அங்கேயேதான் போக வேண்டுமா?

வருடம் ஒருமுறையாவது அங்கே போவது நல்லது. மும்பை டாடா மருத்துவமனை, வைத்தியம் முடிந்த பிள்ளைகளுக்கென்றே 1991இல் தனி கிளினிக் தொடங்கியது. உங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு நாள் இருக்கிறதா என்று கேளுங்கள். நடுவில் உயரம், எடை, பிரஷர், ரத்தப் பரிசோதனை, காது, கண் எல்லாவற்றுக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் போதும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. போகும் ஆஸ்பத்திரியில் அது செல்லுமா என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போனாலும் ஒரு தாள் கையில் இருக்க வேண்டும்: நோயின் பெயர், வைத்தியம் நடந்த தேதிகள், மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தடவையாகப் பிரித்து, தலை முழுவதுமா ஒரு பகுதியா, தண்டுவடமும் சேர்த்தா, என்னென்ன கீமோ. 'வைத்தியச் சுருக்கம் வேண்டும்' என்று கேட்டால் எழுதித் தருவார்கள். பழைய ஃபைல்கள் வருடங்கள் போனால் கிடைப்பது கஷ்டம், அதனால் இப்போதே கேளுங்கள். நம் ஊர்களில் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, பிள்ளை பாட்டி வீட்டில் என்று இருக்கும் குடும்பங்கள் நிறைய. அப்படியானால் ஒரு பிரதி பாட்டியிடம், ஒன்று உங்களிடம், போட்டோ எடுத்து இருவர் போனிலும்.

பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லலாமா? அவனுக்கு நினைவே இல்லை.

சொல்லத்தான் வேண்டும். ஐந்து வயதில் வைத்தியம் முடிந்த பிள்ளைக்கு மொட்டைத் தலையும், கரண்ட் வைக்கும்போது போட்ட முகமூடியும் மங்கலாக நினைவிருக்கும், பெயர் தெரியாது. பத்து வயதில் 'உனக்கு மூளையில் ஒரு கட்டி இருந்தது, கரண்ட் வைத்துக் குணமாக்கினார்கள், அதனால் உனக்கு எழுத நேரம் ஆகிறது' என்று சொன்னால் பல பிள்ளைகளுக்குப் பாரம் இறங்குகிறது, தான் முட்டாள் இல்லை என்று அப்போதுதான் தெரிகிறது. பதினான்கு, பதினைந்தில் அந்தத் தாளையே கையில் கொடுத்துப் படிக்க வையுங்கள். நாளைக்கு ஓசூரில் வேலைக்குப் போய்ப் புது டாக்டரைப் பார்க்கும்போது, தனக்கு எந்த வருடம், எத்தனை கிரே, எந்த ஆஸ்பத்திரியில் என்று அவனேதான் சொல்ல வேண்டியிருக்கும்.